கேளாச் செவியும் கூடுதல் படையும்

2007ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் இரவு, அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், வெள்ளை மாளிகையின் நூலகத்தில் நின்றவாறு தம் நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பைச் செய்தார். ஈராக்கிற்கு மேலும் 20,000க்கும் அதிகமான படைவீரர்களை அனுப்பப் போவதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் பாக்தாத் நகரில் நிறுத்தப்படுவார்கள் என்றும் அவர் கூறினார். அந்த அறிவிப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்க மக்கள் வாக்குச் சாவடிகளுக்குச் சென்று, அவருடைய கட்சியை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தோற்கடித்திருந்தனர். அத்தேர்தலின் தலையாய பிரச்சினை ஈராக் போர். 'போதும்' என்பதே மக்களின் தீர்ப்பு. தீர்ப்பைப் பெற்றுக்கொண்டவர் அளித்த பதில், 'இன்னும் கொஞ்சம்' என்பது!

ஆண்டுகள் பல கடந்துவிட்ட இந்த நிகழ்ச்சியை நாம் இப்போது எடுத்துப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. அந்தப் படைப்பெருக்கம் ஒரு மகத்தான வெற்றி என்றும், எதிர்ப்புக் குரல்களுக்குச் செவிசாய்க்காமல் உறுதியாக நின்ற தலைமையே நாட்டுக்கு வேண்டும் என்றும் எழுதுவோர் இன்றும் உளர். இந்தப் பாடம் அமெரிக்காவோடு நின்றுவிடுவதில்லை. மக்கள் சொல்லைக் கேளாத ஆட்சியாளர் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இது மேற்கோளாகப் பயன்படுகிறது. ஆகவே இதனை மறுப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

படைப்பெருக்கத்தை ஆதரித்தோர் மூன்று வாதங்களை முன்வைத்தனர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: போர்க்களத்தை அறிந்தவர்கள் தளபதிகள், நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்போர் அவர்களுக்கு வழி சொல்லலாகாது.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் நடந்தது என்ன? 2003 பிப்ரவரியில், போர் தொடங்குமுன்னரே, அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ஷின்செகி, ஈராக்கைப் பிடித்த பின் அங்கே அமைதி காக்கப் பல இலட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்று செனட் குழுவின் முன் சொன்னார். பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராயிருந்த உல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தார். தளபதியின் சொல் அன்று எடுபடவில்லை. 2006 நவம்பரில், மத்திய கிழக்கில் அமெரிக்கப் படைகளுக்கெல்லாம் தலைவராயிருந்த ஜெனரல் அபிசெய்ட், தம் கீழுள்ள படைப்பிரிவுத் தளபதிகளைக் கலந்து பேசியதாகவும், கூடுதல் அமெரிக்கப் படையால் பெரும்பயன் விளையும் என்று அவர்களுள் எவரும் கருதவில்லை என்றும் அதே செனட் குழுவிடம் கூறினார். ஈராக்கில் படைகளை நடத்திய ஜெனரல் கேசியும் ஐயம் கொண்டிருந்தார். அடுத்த சில மாதங்களில் இருவரும் அப்பொறுப்புகளில் இல்லை. படைப்பெருக்கத்தை ஆதரித்த ஜெனரல் பெட்ரேயஸ் கேசியின் இடத்துக்கு வந்தார்.

அதாவது, தளபதி 'மிகுதியாக வேண்டும்' என்றபோது அவர் சொல் கேட்கப்படவில்லை. 'மிகுதி வேண்டா' என்றபோதும் கேட்கப்படவில்லை. ஆட்சியாளர் விரும்பியதைத் தளபதி சொன்ன அன்றே, தளபதியின் சொல் தட்டமுடியாத சொல்லாயிற்று! இதற்கு நிபுணர் கருத்தை மதித்தல் என்று பெயரிடுவது எங்ஙனம் பொருந்தும்?

இரு கட்சிகளையும் சேர்ந்த பத்துப் பேர், ஜேம்ஸ் பேக்கர், லீ ஹாமில்டன் ஆகியோர் தலைமையில், 2006 டிசம்பரில் அறிக்கையொன்றை வெளியிட்டனர். சுற்றியுள்ள நாடுகளோடு, ஈரானும் சிரியாவும் உட்பட, பேச்சு நடத்த வேண்டும். போரிடும் படைகளை 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் திரும்பப் பெறுவதை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பாக்தாதை நிலைப்படுத்தக் குறுகிய காலத்திற்குப் படையைப் பெருக்குவதை ஏற்கலாம் என்ற ஒரு குறிப்பும் அதில் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஓர் அறிக்கையின் சாரத்தை ஒதுக்கிவிட்டு அதன் விதிவிலக்கை மட்டும் பற்றிக்கொள்வது, அறிவுரை கேட்பதாகாது, சாக்குத் தேடுவதாகும்.

இரண்டாம் வாதம்: வீரர்கள் களத்தில் நிற்கும்போது நாட்டில் கருத்து வேற்றுமையை வெளிப்படையாகப் பேசுவது வீரர்களை அவமதிப்பது, பகைவனுக்கு ஊக்கம் தருவது.

இந்த வாதம் எத்துணை வலிமையுடன் வேலை செய்தது என்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் பதிவேடே சான்று. 2007 பிப்ரவரி 16 அன்று பிரதிநிதிகள் அவை, படைப்பெருக்கத்தை ஏற்கவில்லை என்னும் தீர்மானத்தை 246க்கு 182 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஆனால் அது கட்டுப்படுத்தாத தீர்மானம். ஜனாதிபதி அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மறுநாள் செனட் சபையில் அதே பொருளை விவாதத்திற்கு எடுத்துக்கொள்வதற்கு 56 பேர் சாதகமாகவும் 34 பேர் பாதகமாகவும் வாக்களித்தனர். பெரும்பான்மை இருந்தும், விதிமுறைப்படி வேண்டிய 60 கிடைக்காமையால் அந்த முயற்சி அங்கேயே நின்றது. பின்னர், படைகள் திரும்புவதற்குக் காலவரையறை விதித்த நிதி மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. மே 1 அன்று புஷ் தமது மறுப்பாணையால் அதைத் தள்ளினார். அந்த மாதம் முடிவதற்குள், காலவரையறை ஏதுமின்றி நிதி வழங்கப்பட்டுவிட்டது. 'வீரர்களுக்குப் பணம் மறுத்தவர்கள்' என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சிய பலர் கையைத் தூக்கினர்.

அதே ஆண்டு செப்டம்பரில், போர் எதிர்ப்பு அமைப்பொன்று ஜெனரல் பெட்ரேயஸின் பெயரைத் துரோகம் என்ற சொல்லோடு இணைத்துச் செய்தித்தாளில் விளம்பரம் வெளியிட்டது. அது பண்பற்ற விளம்பரம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விந்தையைப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான இளைஞர்களை மரணத்தின் வாயிலுக்கு அனுப்பலாமா என்று விவாதிக்க 60 வாக்குகளைத் திரட்ட முடியாத அதே செனட், ஒரு விளம்பரத்தைக் கண்டிக்க 72 வாக்குகளைத் திரட்டியது!

கருத்து வேற்றுமை வீரனை அவமதிப்பதாகச் சொல்கிறார்கள். வீரனை மெய்யாகவே அவமதிப்பது எது? எதற்காகச் சாகிறோம் என்று அவனுக்குச் சொல்ல முடியாமல் அவனை அனுப்புவது அன்றோ? குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஜான் வார்னர், முன்னாள் கடற்படைத் துறைச் செயலாளர், பெட்ரேயஸிடம் நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் போரால் அமெரிக்கா முன்னிலும் பாதுகாப்பாகிறதா? தமக்குத் தெரியாது என்பதே தளபதியின் பதில். நேர்மையான பதில், அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆயினும், தளபதிக்கே தெரியாத ஒன்றிற்காக அந்த 2007ஆம் ஆண்டில் மட்டும் 900க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் மாண்டனர். அந்தப் போரின் எல்லா ஆண்டுகளிலும் அவர்களுக்கு மிகுதியான உயிர்ச்சேதம் நேர்ந்த ஆண்டு அதுவே.

மூன்றாம் வாதமே இன்று பெரிதாகப் பேசப்படுவது: எது எப்படியோ, படைப்பெருக்கம் வென்றுவிட்டதல்லவா? 2008இல் வன்முறை குறைந்துவிட்டதல்லவா?

குறைந்தது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது. பாக்தாதில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்ததென்றால் அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆனால் ஏன் குறைந்தது? அன்பார் மாநிலத்துக் கோத்திரத் தலைவர்கள், அல்காயிதாவின் கொடுமை தாங்காமல், புஷ்ஷின் அறிவிப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பே, 2006 செப்டம்பரில் அதற்கெதிராகத் திரண்டுவிட்டனர். முக்ததா சதர் 2007 ஆகஸ்டில் தம் படையினரை ஆயுதம் தாழ்த்தப் பணித்தார். இவற்றோடு, சொல்லவே நா கூசும் இன்னொரு காரணமும் உண்டு. சுன்னிகளும் ஷியாக்களும் கலந்து வாழ்ந்த பாக்தாதின் பகுதிகள் பலவற்றில், விரட்டப்பட வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விரட்டப்பட்டிருந்தனர். எஞ்சிய பகுதிகளுக்கிடையே கான்கிரீட் சுவர்கள் எழுப்பப்பட்டன. அடுத்த தெருவில் கொல்வதற்கு ஆள் இல்லாமற் போனால் கொலை குறையத்தான் செய்யும். அதற்கு அமைதி என்று பெயர் வைப்பார் வைக்கட்டும். நாம் வைக்க மாட்டோம்.

மேலும், படைப்பெருக்கத்திற்குச் சொல்லப்பட்ட நோக்கம் வன்முறையைக் குறைப்பது மட்டுமன்று. ஈராக்கியத் தலைவர்கள் ஒருவரோடொருவர் இணங்கி ஆட்சி நடத்த அவகாசம் பெற்றுத் தருவதே அதன் முடிவான நோக்கம். அந்த இணக்கம் வரவில்லை. அமெரிக்கரோடு சேர்ந்து அல்காயிதாவை எதிர்த்த சுன்னிப் போராளிகளுக்கு அரசுப் பணி தருவதாகச் சொல்லப்பட்ட வாக்குறுதி பெரும்பாலும் காற்றில் போயிற்று. 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. 2014 ஜூனில் மோசூல் நகரம், கலீஃபாக்கள் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட கொடியோர் கையில் வீழ்ந்தது. அமெரிக்க வீரர்கள் மறுபடியும் ஈராக் மண்ணுக்கு அனுப்பப்பட்டனர். வெற்றி என்றால் இதுதானா?

இதுவரை நாம் பேசியது அமெரிக்கர்களுக்குள் நிகழ்ந்த கருத்து வேற்றுமையைப் பற்றி. அந்த வேற்றுமையை வெளிப்படையாகச் சொன்ன அமெரிக்கர்களை நாம் மதிக்கிறோம். 2007 ஜனவரி இறுதியில் வாஷிங்டன் நகரில் பல்லாயிரவர் கூடிப் போரை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். அவர்களுள் போருக்குப் போய் வந்தவர்களும் இருந்தனர். மகனைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தனர். ஒரு நாட்டரசின் கொடுமைக்காக அந்நாட்டு மக்கள் அனைவரையும் தூற்றும் வழக்கம் நம்மிடையே சிலரிடம் உண்டு. அவர்கள் இந்தத் தாய்மாரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்த எதிர்ப்பிலும் ஒரு பெருங்குறை இருந்தது. எதிர்த்தவர்களுள் பலர் எண்ணியது தம் பிள்ளைகளின் உயிரை; தம் கருவூலத்தின் பணத்தை. யாருடைய தெருவில் அந்தப் படை நிற்கப் போகிறதோ அவர்களை எண்ணியவர்கள் சிலரே. 2007 மே மாதத்தில், ஈராக் நாடாளுமன்றத்தின் 275 உறுப்பினர்களுள் 144 பேர், அந்நியப் படைகள் வெளியேறக் காலவரையறை வேண்டும் என்ற மனுவில் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு ஈராக் மக்களிடையே நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பில், படை பெருக்கப்பட்ட பகுதிகளில் பாதுகாப்பு முன்னிலும் மோசமாகியுள்ளது என்று பத்தில் ஏழு பேர் கூறினர். மக்களாட்சியை அளிக்க வந்தோம் என்றவர்கள், தம் நாட்டு மன்றத்தின் சொல்லையும் கேட்கவில்லை. தாம் அமைத்துக் கொடுத்த மன்றத்தின் சொல்லையும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நாட்டுக்கு உள்ளும் வெளியுமாக ஏறத்தாழ 40 இலட்சம் ஈராக்கியர் வீடிழந்து நின்றனர். வாஷிங்டனில் நடந்த வாக்குக் கணக்கில் இவர்களுக்கு ஒரு வாக்கேனும் உண்டா?

படையைச் சிரியா நாட்டுக்கு அனுப்பியபோது கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் தளபதிக்குச் சொன்ன அறிவுரைகளை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர். கனிதரும் மரங்களை வெட்டாதீர் என்பவை அவற்றுள் சில. படை செல்லுமுன்னரே, அது சென்றடையும் மண்ணின் மக்களை நினைத்த தலைமை அது. தம் வீரர்களை மட்டும் எண்ணிக் கணக்கிடும் போர் எதிர்ப்பு, அந்தப் படித்தரத்தை எட்டவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

எண்ணப்படாதவர் வரிசையில் நம்மவரும் ஒருகாலத்தில் நின்றதுண்டு. 1914இல் பஸ்ராவில் இறங்கிய ஆங்கிலேயரின் படை, இந்தியாவிலிருந்து சென்ற படையே. 1916 ஏப்ரலில் கூத் நகரில் துருக்கியரிடம் சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேருள் பெரும்பாலோர் இந்தியர். மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் அந்தப் போர்முனையில் பணியாற்றினர். அவர்களை அனுப்பலாமா என்று இந்திய மக்களை யாரும் கேட்கவில்லை. மாண்டோர்க்கு எழுப்பிய பஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேய வீரரின் பெயர் உண்டு. இந்திய அதிகாரியின் பெயரும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ எண்ணிக்கை மட்டுமே!

அந்த நிலைக்கும் 2003ஆம் ஆண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க. அவ்வாண்டு அமெரிக்கா, ஈராக்கைக் காவல் செய்ய ஒரு டிவிஷன் படை தருமாறு இந்தியாவைக் கேட்டது. அனுப்பினால் நன்மை உண்டு என்று வாதிட்டோர் தில்லியில் இருந்தனர். ஆனால் ஏப்ரலிலேயே நம் நாடாளுமன்றம் அப்போரைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்க்கட்சிகள் வெளிப்படையாக எதிர்த்தன. செய்தித்தாள்களில் காரசாரமான விவாதம் நடந்தது. ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு, ஐக்கிய நாடுகள் சபையின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்புவதற்கில்லை என்று அறிவித்தது. அந்த அரசின் கொள்கைகள் பலவற்றோடு நாம் உடன்படாதவர்கள். எனினும் அன்று அது பொதுமக்கள் கருத்துக்குச் செவிசாய்த்தது. நம் ஊர்ச் சிப்பாய் எவனும் பாக்தாதின் சந்துகளில் ஓர் அயலான் போருக்காகச் சாகவில்லை, எவரையும் சுடவுமில்லை. வாய்விட்டுப் பேசிய கருத்து வேற்றுமை நாட்டைப் பலவீனப்படுத்துமென்பார் இதற்கு என்ன சொல்வார்?

இனி நம்மை நோக்கிச் சில சொற்கள். பிறரைக் கண்டிக்கும் பேனா தன் வீட்டைக் காணாவிட்டால் அது நீதியாகாது.

1991க்குப் பின் நம் சமுதாயத்தில் பிறந்த ஆண்மக்கள் பலருக்குச் சதாம் உசேன் என்று பெயர் சூட்டினோம். வல்லரசை எதிர்த்து நின்றவர் என்ற ஒன்றே நமக்குப் போதுமானதாயிருந்தது. 1988இல் ஹலப்ஜாவில் நச்சுப்புகையால் மடிந்த குர்து முஸ்லிம்களை நாம் நினைக்கவில்லை. ஈரானோடு எட்டாண்டுகள் நடத்திய போரில் இருபுறமும் சிந்திய இரத்தத்தை எண்ணவில்லை. அவற்றைச் சுட்டிக்காட்டியவர்களை அமெரிக்க அடிவருடி என்று நம்மிற் சிலர் ஏசினர். ஜனாதிபதி புஷ்ஷின் ஆதரவாளர்கள் தம் நாட்டு எதிர்ப்பாளர்களை ஏசியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வெள்ளை மாளிகை நூலகத்தில் அறிவிப்பு வெளியாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், மார்ச் 5 அன்று, பாக்தாதின் முதனப்பித் தெருவில் கார் குண்டு வெடித்தது. கவிஞர் முதனப்பியின் பெயர் தாங்கிய அந்தத் தெரு, அரபு நூல்களின் பெருஞ்சந்தை. புத்தகம் விற்றவரும் வாங்க வந்தவருமாகப் பலர், நூல்களோடு நூல்களாய் எரிந்தனர். அந்தக் குண்டை வைத்தவன் அமெரிக்கன் அல்லன். முந்தைய ஆண்டு சாமர்ராவின் பொற்கோபுரத்தைத் தகர்த்தவனும், ஆகஸ்டில் சிஞ்சார் மலையோரத்து யஸீதிக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றவனும் அமெரிக்கர் அல்லர். ஆக்கிரமிப்பு அந்தத் தீக்கு வாயில் திறந்தது. அது மறுக்க முடியாத குற்றம். ஆனால் தீ வைத்த கை நம்முடைய பெயர்களைத் தாங்கிய கை. இதைச் சொன்னால் ஒற்றுமை குலையும் என்போரை நோக்கி, மறைத்ததால் எந்த ஒற்றுமை நிலைத்தது என்று கேட்கிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் உஹது நாளை எண்ணிப் பார்ப்போம். மதீனாவுக்குள் இருந்தவாறே காத்துக்கொள்ளலாம் என்பது அண்ணலாரின் எண்ணம். வெளியே சென்று எதிர்ப்போம் என்பது இளைஞர் பலரின் வேண்டுகோள். மஷூரா நடந்தது, அண்ணலார் தம் எண்ணத்தை விட்டுத் தோழர்களின் விருப்பத்தை ஏற்றார்கள். முடிவெடுத்தபின் உறுதியாக நின்றதற்கு இதுவே சான்று என்று படைப்பெருக்கத்தின் ஆதரவாளர் ஒருவர் இதைக் காட்டக்கூடும். ஆனால் அங்கே தலைவர் தம் சொல்லை விட்டு மக்கள் சொல்லை ஏற்றார். போர் தம் ஊரைக் காக்க. அண்ணலாரே முன்னின்று காயம்பட்டார்கள். பாக்தாத் படைப்பெருக்கத்திலோ மூன்றும் தலைகீழ்.

அன்று எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். 'உங்கள் பேச்சைக் கேட்டதால் வந்த வினை' என்று சொல்ல எவருக்கும் தோன்றக்கூடிய நேரம் அது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அருளப்பட்ட திருவசனம், அந்தத் தோழர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறே அண்ணலாரைப் பணித்தது. கலந்தாய்வின் முடிவு களத்தில் தோல்வியைத் தந்த பின்னரும் கலந்தாய்வு கைவிடப்படவில்லை.

நம் ஜமாஅத்தின் கூட்டங்களில், நம் வீடுகளின் முற்றத்தில், 'வேண்டாம்' என்று ஒருவர் எழுந்து சொன்னால் அவரை உட்காரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, வாஷிங்டனின் கேளாச் செவியைக் கண்டிக்கும் தகுதி நமக்கு இல்லை.